நட்டத்தைச் சொல்லும் நேரம்

சிறுதொழில் நடத்துவோருக்குச் சரிவு என்பது எப்போதோ நேரும் விபத்தாக அல்லாமல், தொழிலின் அமைப்பிலேயே பொதிந்திருக்கும் ஒரு நிலையாக உள்ளது. சில வாடிக்கையாளர்களை மட்டுமே நம்பி, உரிமையாளரின் சேமிப்பையும் உறவினரிடம் வாங்கிய கைமாற்றையும் முதலாகக் கொண்டு நடக்கும் ஒரு பட்டறைக்கு, பெரிய நிறுவனங்களிடம் உள்ளது போன்ற காப்பு நிதியும் கிடையாது; ஒரு பிரிவில் விழுந்த நட்டத்தை மற்றொரு பிரிவின் இலாபத்தைக் கொண்டு ஈடுகட்டும் வசதியும் கிடையாது. அதனால் ஓர் ஆர்டர் ரத்தாவதோ ஒரு பில் தொகை இரண்டு மாதம் தள்ளிப்போவதோ உரிமையாளரின் வீட்டுச் செலவு வரை உடனே எட்டிவிடுகிறது. இத்தகைய நேரங்களில் நேர்மையாக நடந்துகொள்வது எப்படி என்பது பெரும்பாலும் ஒழுக்கம் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. ஆனால் கடன், கூலி, வரி, நொடிப்பு ஆகியவை பற்றிய இந்தியச் சட்டங்களையும் வங்கி விதிகளையும் கூர்ந்து படித்தால், அது காலத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும் என்பது புலப்படும். நிலைமையை முன்னதாகச் சொல்பவருக்குத் திறந்திருக்கும் வழிகளில் பல, அதே நிலைமை பின்னர் தானாக வெளிப்படும்போது அடைபட்டுவிடுகின்றன. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் இயங்கும் சிறு தையல் யூனிட்டுகளை எடுத்துக்கொண்டால் இதைத் தெளிவாகக் காணலாம்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

திருப்பூரில் ஒரு பனியனோ டி-சர்ட்டோ உருவாகும் வேலை ஒரே கூரையின்கீழ் முடிவதில்லை. நூல் வாங்கியபின் நிட்டிங், சாயமேற்றுதல், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அது பல இடங்களைக் கடந்து செல்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஜாப் ஒர்க் முறையில், அதாவது பொருள் ஒருவருடையதாகவும் அதன்மீது செய்யும் வேலைக்கான கூலி மட்டுமே மற்றவருடையதாகவும் அமையும் முறையில் நடக்கின்றன. வெளிநாட்டு பையர் ஏற்றுமதியாளருக்குத் தரும் விலையும் கெடுவும் இந்தச் சங்கிலி வழியே இறங்கி, இருபது முப்பது பவர் மெஷின்களை வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் பீஸ் ரேட்டாகவும் டெலிவரி தேதியாகவும் மாறுகின்றன. மேலே பேரம் பேசும் வாய்ப்பு ஓரளவேனும் உண்டு. கீழே அது மிகக் குறைவு.

இந்த ஊர் 2011 முதல் சந்தித்த சரிவுகளின் காரணங்கள் ஒன்றுபோல் இல்லை. நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த தையல் யூனிட்டுகளுக்குத் துணி வரத்து அறுந்தது. 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு, வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்துவந்த யூனிட்டுகளைத் திணறவைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு எல்லா மெஷின்களையும் நிறுத்தியது. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பருத்தி விலை ஏறிக்கொண்டே சென்று, 2022 மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது ஏறத்தாழ 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, பழைய நூல் விலையை வைத்து ஆர்டர் எடுத்தவர்கள் சிக்கிக்கொண்டனர். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது விதித்த கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டியதால், அந்நாட்டு பையர்களை நம்பியிருந்தோர் ஆர்டர்களை நிறுத்திவைக்கவும் விலையைக் குறைக்கவும் வேண்டியதாயிற்று. இவற்றுள் எதையும் ஒரு தையல் யூனிட்டின் உரிமையாளர் உண்டாக்கவில்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன செய்தார், எப்போது செய்தார் என்பதே அவருடைய யூனிட் நின்றுபோனதா நிலைத்ததா என்பதில் பெரும் பங்கு வகித்தது.

கணக்குக்கு முன் நேர்மை

சரிவை மறைக்கும் பழக்கம் பெரும்பாலும் பிறரிடம் தொடங்குவதில்லை. கணக்கைப் பார்க்காமல் இருப்பதில், அதாவது உரிமையாளர் தம்மிடமே மறைப்பதில் தொடங்குகிறது. மெஷின்கள் ஓடுகின்றன, சனிக்கிழமை சம்பளம் போய்விடுகிறது, பில்கள் எழுதப்படுகின்றன என்பதால் தொழில் நடக்கிறது என்று எண்ணிக்கொள்வது எளிது. இதில் மூன்று கருத்துகளைப் பிரித்தறிவது அவசியம். விற்பனையிலிருந்து செலவைக் கழித்தபின் எஞ்சுவது இலாபம். இன்றைய தேதியில் கையிலும் வங்கியிலும் உள்ளது கைப்பணம். வேலை முடிந்து பணம் வரும்வரை தொழிலை ஓட்டத் தேவைப்படும் தொகை நடைமுறை மூலதனம். இலாபம் காட்டும் யூனிட் கைப்பணம் இல்லாமல் நிற்கலாம். நட்டத்தில் ஓடும் யூனிட் பிறர் பணத்தின் தயவால் சில மாதங்கள் செழிப்பாகத் தோற்றமளிக்கலாம்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் மாதம் 50,000 பீஸ் தைக்கிறது. பீஸுக்கு 24 ரூபாய் வீதம் வரவு 12 லட்சம். தையல், செக்கிங் கூலியாகப் பீஸுக்கு 16 ரூபாய் போய்விட, மீதம் நிற்பது 8 ரூபாய். வாடகை, மின்கட்டணம், சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் கடன் தவணை, உரிமையாளரின் குடும்பச் செலவு ஆகிய நிலையான செலவுகள் மொத்தம் 4 லட்சம் என்றால், 50,000 பீஸில் வரவும் செலவும் சமமாகின்றன. இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் இந்த அளவே சமநிலைப் புள்ளி எனப்படுகிறது. பில் தொகை 75 நாள் கழித்து வருமானால், எந்த நேரத்திலும் இரண்டரை மாத வரவான 30 லட்சம் ரூபாய் பிறரிடம் நிற்கும். கூலியோ வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும்.

இப்போது ஆர்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 40,000 பீஸானால், மாதத்துக்கு 80,000 ரூபாய் குறைகிறது. இந்த நிலையில் பலரும் செய்வது ரேட்டைக் குறைத்து ஆர்டர் பிடிப்பது. பீஸுக்கு 2 ரூபாய் குறைத்தால், அது 24 ரூபாயில் சிறிய தொகையாகத் தெரிந்தாலும், நிலையான செலவுக்கு எஞ்சும் 8 ரூபாயில் கால் பங்காகும். சமநிலைப் புள்ளி 50,000 பீஸிலிருந்து ஏறத்தாழ 66,700 பீஸாக உயர்ந்துவிடுகிறது. அதாவது ஆர்டர் குறைந்திருக்கும் நேரத்தில், முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தைத்தால்தான் பழைய நிலைக்கே திரும்ப முடியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாராதவருக்குக் குறைந்த ரேட்டில் வந்த ஆர்டர் மீட்சியாகத் தோன்றும்; போட்டுப் பார்த்தவருக்கு அது நட்டத்தை விரைவுபடுத்தும் வழி என்பது தெரியும்.

சரிவுகளை வகைப்படுத்துவதற்கும் கணக்கே அடிப்படையாகிறது. பணம் வருவது உறுதி, ஆனால் தாமதமாகிறது என்றால் அது காலப் பொருத்தமின்மை. அதற்குக் குறுகியகாலக் கடன் தக்க மருந்து. ஓர் ஆர்டரில் ரிஜெக்ஷன் மிகுந்து ஏற்றுமதியாளர் டெபிட் நோட் போட்டு, அதாவது தர வேண்டிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்து அனுப்பினால், அது ஒருமுறை விழும் அடி. அதைச் சேமிப்பிலோ தவணை நீட்டிப்பிலோ தாங்கிக்கொள்ளலாம். இந்த ரேட்டில் இந்த வேலை இனி எந்த மாதத்திலும் கட்டுப்படியாகாது என்றால் அது அடிப்படை மாற்றம். அதற்குக் கடன் வாங்குவது நோயைப் பெரிதாக்கும். 2011 சாயப்பட்டறை மூடல் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானபோது, மாறுவதற்கான செலவைத் தாங்கக்கூடியவர்களும் முடியாதவர்களும் பிரிந்தனர். எது தற்காலிகம், எது நிலையானது என்று தம்மிடமே பொய் சொல்லாமல் வகுத்துக்கொள்வதே முதல் நேர்மை.

இங்கே குறுக்கே நிற்பது பெரும்பாலும் போட்ட முதல் பற்றிய கவலையாகும். மெஷினுக்கும் ஷெட்டுக்கும் செலவிட்டுத் திரும்பப் பெற முடியாத தொகையைப் பொருளியலார் மூழ்கிய செலவு என்பர். இனிமேல் வரக்கூடிய வரவையும் இனிமேல் ஆகும் செலவையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஏற்கெனவே இவ்வளவு போட்டாயிற்றே என்பதற்காக மேலும் போடுவது, மூழ்கியதை மீட்காமல் புதிய தொகையையும் உடன் மூழ்கடிக்கும்.

மறைப்பதன் விலை

மேற்கண்ட யூனிட் மாதம் 80,000 ரூபாய்ப் பற்றாக்குறையை வெளியே சொல்லாமல் மூன்று ரூபாய் வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வீதம், தனியாரிடம் வாங்கி ஈடுகட்டுவதாகவும் வட்டியையும் அதே வழியில் கடன் வாங்கியே கட்டுவதாகவும் கொண்டால், ஓராண்டு முடிவில் கடன் ஏறத்தாழ 11 லட்சத்து 35 ஆயிரமாக நிற்கும். உண்மையில் தொழிலில் விழுந்த நட்டம் 9 லட்சத்து 60 ஆயிரம். எஞ்சிய 1 லட்சத்து 75 ஆயிரம் மறைத்ததற்கான விலை. அதைவிட முக்கியமானது, பதின்மூன்றாம் மாதத்தில் பற்றாக்குறை 80,000 ஆக இல்லாமல், வட்டி 34,000 சேர்ந்து 1 லட்சத்து 14 ஆயிரமாக உயர்ந்திருக்கும் என்பது. தண்டல், மீட்டர் வட்டி போன்றவற்றில் வட்டி இதைவிடப் பன்மடங்கு என்பதால் அழிவும் அதற்கேற்ப விரைவாகும். இவ்வகைக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டும், அவசரத்துக்கும் இரகசியத்துக்கும் விலை கொடுக்கத் தயாராக உள்ளோர் இருக்கும்வரை இந்தச் சந்தை ஓய்வதில்லை.

வட்டிக்கு அடுத்த நிலை பிறர் பணத்தைத் தொடுவது. பில்லில் சேர்த்து வசூலித்த ஜி.எஸ்.டி., தொழிலாளியின் கூலியில் பிடித்த வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பங்கு ஆகியவை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் சில நாள் தங்கினாலும் அவருடையவை ஆவதில்லை. ஜி.எஸ்.டி. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி உண்டு. ரிட்டர்ன் தொடர்ந்து ஆறு மாதம் தாக்கல் செய்யப்படாவிட்டால் பதிவே ரத்தாகலாம். பதிவு போனால் ஏற்றுமதியாளர் வேலை தரமாட்டார். தொழிலாளியிடம் பிடித்த வைப்பு நிதியைக் கட்டாமல் விடுவதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பதும் இந்த வரிசையில் சேரும். 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆம் பிரிவுப்படி, காசோலை திரும்பி, அதற்கான நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் தரப்படாவிட்டால், இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ விதிக்கப்படலாம். நட்டம் குற்றமன்று, நட்டத்தை மூட எடுக்கப்படும் இத்தகைய ஒவ்வோர் அடியும் குற்றத்தின் எல்லையை நெருங்குகிறது.

மறைப்பின் விளைவு உரிமையாளரோடு நிற்பதில்லை என்பதற்குச் சென்னையின் வணிக வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியபோது, அதன் நிலையை அறியாமல் பணம் போட்டிருந்த ஏராளமான சிறு சேமிப்பாளர்கள் தங்கள் முதலை இழந்தனர். நிறுவனத்தின் தலைவர் சிறைத்தண்டனை பெற்றார். இந்தியர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த வீழ்ச்சி வலுவூட்டியதன் விளைவாக 1907 இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. அளவில் ஒப்பிட முடியாதெனினும், ஒரு சிறு யூனிட் முன்னறிவிப்பின்றி மூடப்படும்போது, சம்பளப் பாக்கி உள்ள தொழிலாளிக்கும் கடனுக்குப் பட்டனும் நூல்கண்டும் கொடுத்த கடைக்காரருக்கும் நேர்வது இதே வகையான இழப்புதான்.

யாரிடம் எதைச் சொல்வது

நேர்மை என்பது எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிடுவதாகப் பொருள்படாது. ஒருவருடைய முடிவை மாற்றக்கூடிய செய்தியை, அந்த முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே சொல்வது என்பதே அதன் நடைமுறை விளக்கமாகும். ஏற்றுமதியாளருக்கு யூனிட்டின் கடன் விவரம் தேவையில்லை. 50,000 பீஸில் 30,000 தான் குறித்த தேதியில் முடியும் என்பது தேவை. அதைப் பத்து நாள் முன்பே சொன்னால் மீதமுள்ள கட்டிங் பீஸ்களை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடலாம், அல்லது பையரிடம் இரு தவணையாக அனுப்ப ஒப்புதல் கேட்கலாம். கப்பல் கெடுவுக்கு முந்திய நாள் சொன்னால், சரக்கை விமானத்தில் அனுப்புவதைத் தவிர வழியிருக்காது. அந்தக் கூடுதல் கட்டணத்தின் சுமை டெபிட் நோட்டாக யூனிட்டின் தலையில்தான் விழும். வேலை அதே அளவுதான் குறைந்தது என்றாலும், இரண்டு நிலைகளிலும் நட்டம் வேறு.

தொழிலாளர்கள் விஷயத்தில் இது மேலும் நுட்பமானது. வரும் மாதம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருக்கும் என்று தெரிந்தால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர் ஊருக்குப் போய்வரத் திட்டமிடலாம். உள்ளூர்த் தொழிலாளி வேறு யூனிட்டில் சேரலாம். சொன்னால் நல்ல டெய்லர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் உரிமையாளருக்கு உண்டு. அது நியாயமான அச்சம்தான். ஆனால் சொல்லாமல் இரண்டு வாரக் கூலியைப் பாக்கி வைப்பவரிடமிருந்தும் அவர்கள் போய்விடுகின்றனர், ஆர்டர் திரும்பும்போது திரும்பி வருவதுமில்லை. அதேபோல், தனியுரிமைத் தொழிலில் கடைக்கும் வீட்டுக்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதையும், தொழிற்கடனுக்கு வீடும் நகையும் பொறுப்பாகலாம் என்பதையும் மனைவியோ கணவரோ அறிந்திருக்க வேண்டும். நகை அடகுக்குப் போவதும் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போவதும் குடும்பத்தின் முடிவுகளாக இருந்தால், எங்கே நிறுத்துவது என்பதும் குடும்பத்தின் முடிவாகலாம். தனியே சுமப்பவருக்கு அந்த எல்லை தெரியாமல் போய்விடுகிறது. கடன் சுமை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை இட்டுச் செல்லும்போது, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

வங்கியின் நாள்காட்டி

சொல்லும் நேரத்தின் மதிப்பு மிகத் தெளிவாக அளவிடப்பட்டிருப்பது வங்கி விதிகளில்தான். தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் என்.பி.ஏ. என்ற செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படுகிறது. அதற்கு முன்பே, 31 முதல் 60 நாள் வரை ஒரு நிலை, 61 முதல் 90 நாள் வரை மற்றொரு நிலை என்று வங்கி அந்தக் கணக்கைச் சிறப்புக் கவனிப்புப் பட்டியலில் வைக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் மீட்பு, மறுவாழ்வுக்கென ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை, 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குப் பொருந்தும். தவணை தவறும் என்று நியாயமாக அஞ்சும் கடனாளி, தவறுவதற்கு முன்பே தாமாக விண்ணப்பிக்கலாம் என்பது அதன் முக்கியக் கூறு. 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனைக் கிளை மேலாளர் நிலையிலும், அதற்கு மேற்பட்டதை வங்கியின் குழுவிலும் ஆராய்ந்து, தவணையைச் சீர்செய்வதா, கடனை மறுசீரமைப்பதா, வசூல் நடவடிக்கையில் இறங்குவதா என்று திருத்தத் திட்டம் வகுக்க வேண்டும். மறுசீரமைப்பு என்பது தவணைக் காலத்தை நீட்டுதல், தொகையைக் குறைத்தல், சில மாதம் அசலுக்கு விடுப்புத் தருதல் போன்றவற்றைக் குறிக்கும்.

இந்த நெறிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கூடவே மற்றொன்றையும் வலியுறுத்தியது: தாம் சிறுதொழில் நிறுவனம் என்பதற்கான ஆவணத்தோடு கடனாளி வங்கியை அணுகுவது, கணக்கு என்.பி.ஏ. ஆவதற்கு முன்பே நடக்க வேண்டும். வசூல் நடவடிக்கை நெடுந்தொலைவு சென்றபின் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. அந்த 90 நாள் கடந்துவிட்டால் வங்கி 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றும் வழியில் இறங்கலாம். மேலாளரின் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் கழிக்கும் மூன்று மாதங்களில் இழக்கப்படுவது இந்த வாய்ப்புதான்.

சலுகையைச் சலுகையென்று சரியாகப் புரிந்துகொள்வதும் நேர்மையின் பகுதியாகும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளுக்குத் தரப்பட்ட விடுப்பில் வட்டி நிற்கவில்லை. அது சேர்ந்துகொண்டே இருந்தது. அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம், நிலுவைக் கடனில் 20 விழுக்காடு வரை பிணையின்றிக் கூடுதலாகத் தந்தபோதும் அது மானியமாக அல்லாமல் கடனாகவே இருந்தது. நின்றுபோன தொழிலை மீண்டும் ஓட்ட அதைப் பயன்படுத்தியோருக்குப் பாலமாக உதவியது, பழைய நட்டத்தை அடைக்கப் பயன்படுத்தியோருக்கு மற்றொரு தவணையாக முடிந்தது.

வரவேண்டியதைக் கேட்பது

சரிவில் உள்ள யூனிட்டின் பிரச்சினை பல நேரங்களில் அது பிறருக்குத் தர வேண்டியதில் இல்லாமல், பிறர் அதற்குத் தர வேண்டியதில் உள்ளது. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். இந்தப் புகார்களை விசாரிக்க மாநில அரசுகள் வசதியாக்க மன்றங்களை அமைத்துள்ளன. இணையவழியில் விண்ணப்பிக்க 2017 இல் சமாதான் என்ற தளமும் தொடங்கப்பட்டது. மேலும், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராதவர், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பில்லை டிரெட்ஸ் என்ற மின்னணுத் தளத்தில் ஏலமிட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு உடனே பணம் பெறும் வழியும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் இத்தளத்தில் சேர வேண்டும் என்பது இப்போதைய விதி. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, சிறுதொழில் நிறுவனம் என்பதற்கான ஆவணமாகிய உத்யம் பதிவு. அதைப் புகார் கொடுக்கும் நாளில் தேடாமல் தொழில் நன்றாக நடக்கும் காலத்திலேயே எடுத்துவைப்பதே பாதுகாப்பு.

ஆயினும் இந்த உரிமைகளைப் பயன்படுத்துவோர் குறைவாக இருப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது ஊர் அறிந்த செய்தி. அதனால் புகாருக்கு முந்திய படிகளே பெரும்பாலோர்க்கு நடைமுறையில் உதவுகின்றன: பர்ச்சேஸ் ஆர்டரில் பணம் தரும் நாளை எழுதி வாங்குதல், டெலிவரி சலானில் கையெழுத்துப் பெறுதல், பாக்கியை மாதந்தோறும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுதல், ஒரே வாடிக்கையாளரிடம் எவ்வளவு வரை நிலுவை தாங்கலாம் என்று வரம்பு வகுத்துக்கொள்ளுதல் ஆகியவை உறவை முறிக்காமலே செய்யக்கூடியவை.

மூடுவதிலும் நேர்மை

எல்லா முயற்சிக்கும் பின்னும் தொழில் நிலைக்காது என்றாகும்போது, அதை முடிக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவான சிறு நிறுவனங்களுக்கு, நொடிப்புச் சட்டத்தில் 2021 இல் சேர்க்கப்பட்ட முன்கூட்டிய தீர்வு முறை உள்ளது. கடன் கொடுத்தோருடன் முன்பே பேசி ஒரு திட்டத்தை ஒப்புக்கொண்டு, 120 நாளுக்குள் முடிக்கும் வழி அது. ஆனால் திருப்பூரின் பெரும்பாலான சிறு யூனிட்டுகளைப் போலத் தனியுரிமையாகவோ கூட்டாகவோ நடப்பவற்றுக்கு இன்னும் பொருந்துவது 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை போன்ற பழைய மாகாணத் தலைநகரங்களில் 1909 ஆம் ஆண்டின் சட்டம். இவற்றின்கீழ் நீதிமன்றத்தில் மனுக் கொடுப்பதையே மக்கள் ஐ.பி. கொடுப்பது என்றும் மஞ்சள் நோட்டீஸ் என்றும் சொல்கின்றனர். ஏமாற்றுக்காரரின் கடைசி உத்தி என்ற பெயர் அதற்கு ஊரில் நிலைத்துவிட்டது.

சட்டத்தின் நோக்கம் அதற்கு நேர்மாறானது. கடனாளியின் சொத்தைக் கடன் கொடுத்த எல்லாருக்கும் விகிதப்படி பகிர்ந்துவிட்டு, எஞ்சிய சுமையிலிருந்து அவரை விடுவித்துப் புதிதாகத் தொடங்க விடுவதே அது. அந்த விடுவிப்பை யாருக்கு மறுக்கலாம் என்று நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட காரணங்களின் பட்டியல் கவனிக்கத்தக்கது. சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூட இல்லாமற்போனதற்குக் கடனாளியே பொறுப்பாக இருத்தல். முந்திய மூன்றாண்டுகளில் முறையான கணக்குப் புத்தகம் வைக்காமை. நொடித்துவிட்டோம் என்று தெரிந்தபின்னும் வியாபாரத்தைத் தொடர்ந்தமை. சூதாட்டம், வரைமுறையற்ற செலவு ஆகியவையும் அதில் அடங்கும். நொடிப்புக்கு முந்திய இரண்டாண்டுகளில் உரிய விலையின்றி உறவினர் பெயருக்கு மாற்றிய சொத்தும், மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில் வேண்டியவருக்கு மட்டும் முன்னுரிமை தந்து அடைத்த கடனும் செல்லாதவையாக்கப்படலாம். நட்டப்பட்டதைச் சட்டம் தவறாகக் கருதவில்லை. கணக்கில்லாமையையும், தெரிந்தே தொடர்ந்ததையும், ஒதுக்கி மறைத்ததையுமே தவறாகக் கருதுகிறது.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. எத்தனை மாதப் பற்றாக்குறை வரை தாங்குவது, எந்தச் சொத்தைத் தொடுவதில்லை, எந்த வட்டிக்கு மேல் கடன் வாங்குவதில்லை என்ற எல்லைகளைத் தொழில் நலமாக இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்பவருக்கு, சரிவின் நடுவே அவற்றைப் புதிதாக யோசிக்கும் நிலை வருவதில்லை. எல்லை தொடப்பட்டதா என்பதை வாரக் கணக்கே சொல்லிவிடும். யாரிடம் பேச வேண்டும் என்பதும் முன்பே தெரிந்திருக்கும்.

எனினும் முன்னதாகச் சொல்லும் பொறுப்பைச் சிறுதொழில் முனைவோர்மீது மட்டும் சுமத்துவது பாதி நியாயமே. ஆர்டர் குறைந்ததென்று சொல்லவந்தவரின் கடன் வரம்பை மறுநாளே குறைக்கும் வங்கியும், டெலிவரி தாமதமாகும் என்று முன்பே சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் ஒரே டெபிட் நோட்டைப் போடும் ஏற்றுமதியாளரும், 45 நாளில் தர வேண்டிய பணத்தைக் கேட்டதற்காக ஆர்டரை நிறுத்தும் நிறுவனமும், அடுத்தவர் மறைப்பதற்கான காரணத்தைத் தாமே உண்டாக்கிக் கொடுக்கின்றனர். சட்டம் முன்னதாகச் சொல்பவருக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியில் வருபவருக்குத் தண்டனை கிடைக்காது என்பதைச் சந்தையும் உறுதிசெய்யும்போதுதான், நட்டத்தை மறைக்காமலிருப்பது நல்லவர்களின் குணமாக மட்டும் நின்றுவிடாமல், தொழிலின் சாதாரண நடைமுறையாகவும் மாறும்.